சிவப்பு மையில் அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததா?

மாஸ்டர் செக்கப் தொகுப்பிலிருந்து மருத்துவரைக் கழற்றிவிட்டு, முடிவுகளைச் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் தீட்டி நேரே கைப்பேசிக்கு அனுப்பும் முறையைக் கைவிடும் எண்ணம் பரிசோதனைக் கூடங்களை நடத்துகிறவர்களிடம் இல்லை. இவ்வளவு பேர் புலம்பிய பிறகும் அவர்கள் சொல்வது அதே மூன்று காரணங்கள்தான்: விலை குறைகிறது, முடிவு அன்றைக்கே கிடைக்கிறது, தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது மக்களின் உரிமை. முதல் இரண்டையும் மறுக்கவில்லை. மூன்றாவது காரணத்தைச் சொல்லும் தகுதி அவர்களுக்கு இல்லை. ரத்தம் கொடுத்தவருக்குக் கிடைப்பது ஒரு எண்ணும் அதன் மேல் ஒரு சிவப்புக் கட்டமும் மட்டும். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்க ஆள் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தால், "டாக்டரைப் பாருங்கள்" என்கிறார்கள். அந்த டாக்டரைத் தொகுப்பிலிருந்து எடுத்தது யார்?

அறிக்கையில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ஒரு வரம்பு அச்சாகியிருக்கிறது. அது எப்படி வருகிறது என்பதை எந்த லேப்பும் மக்களுக்கு எடுத்துச் சொல்லி நாம் பார்த்ததில்லை. நோய் இல்லாதவர்களை, குறைந்தது 120 பேராவது இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நெறி, அழைத்துச் சோதிக்கிறார்கள். கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் மிஞ்சும் 95 சதவீதம்தான் வரம்பு. வெட்டப்பட்ட ஐந்து சதவீதத்தினரும் நல்ல உடல்நிலையோடு வந்தவர்களே. ஆக, எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த முடிவு சிவப்பாக வரும் என்பது வரம்பைப் போடும்போதே தெரிந்த விஷயம்.

ஒரே ஒரு சோதனை என்றால் இதில் பெரிய தீங்கில்லை. இவர்கள் விற்பது எண்பது அளவீடு, தொண்ணூறு அளவீடு கொண்ட தொகுப்பு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவீடுகள் என்றால், முழு நலத்துடன் இருப்பவருக்கே குறைந்தது ஒன்று வரம்புக்கு வெளியே விழும் வாய்ப்பு 64 சதவீதம். 40 என்றால் 87 சதவீதம். 80 என்றால் 98 சதவீதம். ஹீமோகுளோபினும் சிவப்பணு அடர்த்தியும் சேர்ந்தே ஏறி இறங்குவதுபோல் பல அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் நிஜத்தில் இந்த விகிதம் சற்றுக் குறையும். ஆனாலும் இத்தனை பெரிய தொகுப்பை எடுத்துவிட்டு ஒரு சிவப்பும் இல்லாமல் வெளியே வருகிறவர் அபூர்வம். நோயே இல்லாதவரையும் பயமுறுத்தும் என்று கணிதம் சொல்லும் ஒரு பொருளை, பயத்தைப் போக்க ஆள் வைக்காமல் விற்பது எந்த வகை நியாயம்?

இதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எல்லா வரம்பும் இப்படி 95 சதவீதக் கணக்கில் வந்ததல்ல. சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றில், எந்த அளவுக்கு மேல் போனால் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் கெடத் தொடங்குகின்றன என்று ஆராய்ந்து கோடு கிழித்திருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராமைத் தொட்டால், இன்னொரு நாள் சோதித்து உறுதிசெய்துவிட்டு நீரிழிவு என்கிறோம். அதற்குக் கீழே உள்ள இடைநிலைக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003-ல் கோட்டை 110-லிருந்து 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110-லேயே நின்றது. வெறும் வயிற்றில் 104 இருப்பவர் ஒரு கணக்கில் நீரிழிவின் வாசலில் நிற்கிறார், இன்னொரு கணக்கில் அவருக்கு ஒன்றுமில்லை. லேப் எந்தக் கோட்டை அச்சிட்டிருக்கிறதோ அதுவே அவருடைய விதி. இந்த 104-க்கும், யூரியா ஒரு புள்ளி குறைந்ததற்கும் ஒரே சிவப்புதான் தீட்டப்படுகிறது. பெரும்பாலானோருக்கு யூரியா சற்றுக் குறைவதில் எந்தப் பொருளும் இல்லை. 104 இருப்பவரோ இன்றைக்கே சோற்றின் அளவையும் நடையையும் பற்றி யோசிக்க வேண்டியவர். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு மருத்துவருக்குச் சில நிமிடங்கள் போதும்.

அந்தச் சில நிமிடங்கள் இல்லாததால் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு இளைஞருக்கு பிலிருபின் 1.8 என்று சிவப்பில் வருகிறது. குடும்பம் முழுக்க மஞ்சள் காமாலை என்று பதறி, கீழாநெல்லியைத் தேடி ஓடுகிறது, பத்தியம் தொடங்குகிறது. ஈரல் நொதிகள் எல்லாம் சரியாக இருந்து, நேரடியல்லாத பிலிருபின் மட்டும் இப்படிக் கொஞ்சம் கூடியிருந்தால், பெரும்பாலும் அது கில்பர்ட் என்னும் பிறவி இயல்பு. நூறு பேரில் சிலருக்கு இருப்பது, தீங்கற்றது, மருந்து தேவையில்லை. பட்டினி கிடந்தால் அந்த அளவு ஏறும். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச்சொன்னதே அந்தச் சிவப்புக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 11.5, சிவப்பணுவின் சராசரி அளவு மிகக் குறைவு, சிவப்பணு எண்ணிக்கையோ வழக்கத்தைவிட அதிகம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்குத் தலசீமியா மரபுக்கூறு உடனே நினைவுக்கு வரும். மருத்துவர் இல்லாத அறிக்கை, மூன்றையும் தனித்தனிச் சிவப்பாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவர் வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறார். மாத்திரை வீண் என்பது சிறிய இழப்பு. கணவருக்கும் அதே மரபுக்கூறு இருந்தால் ஒவ்வொரு கருவிலும் கடுமையான தலசீமியாவுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டதுதான் பெரிய இழப்பு.

பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று ஒரு பெரியவர் இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்திவிடுகிறார். வீட்டில் எடுத்த ரத்தம் வெயிலில் பைக்கில் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கலாம். மறுபடி எடுத்தால் சரியாக இருக்கலாம். அதே தாமதத்தில், சரியான குழாயில் சேகரிக்கப்படாத ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். அதனால் நீரிழிவு உள்ளவருக்கே பச்சை நிறம் விழ வாய்ப்பிருக்கிறது. பிளேட்லெட் குறைந்ததாக வரும் சில முடிவுகளில், குழாயில் சேர்த்த ரசாயனத்தால் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கருவியின் கணக்கு தவறியிருக்கும். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். டெங்குக் காலத்தில் இப்படி ஒரு செய்தி கைப்பேசிக்கு வந்தால் அந்த வீட்டின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில கருவிகளில் தைராய்டு முடிவே தவறாக வரும். டிஎஸ்எச் 5.5 என்று வந்த பலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் தானாகவே இறங்கியிருக்கும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்ணுக்கு அதே 5.5-க்கு வேறு கணக்கு, எழுபதைத் தாண்டியவருக்கு மற்றொரு கணக்கு. மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, இரும்புச்சத்துக் குறைவு இருப்பவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. அப்படிப்பட்ட நாட்டில் எச்பிஏ1சி 5.8 என்ற எண்ணை எந்தக் கேள்வியும் கேட்காமல் சிவப்பாக்கி அனுப்புகிறார்கள்.

சிவப்பு மட்டும்தான் ஏமாற்றும் என்று எண்ண வேண்டாம். ஐம்பத்தைந்து வயது ஆணுக்குப் போன வருடம் ஹீமோகுளோபின் 15.5, இந்த வருடம் 13.2. இரண்டும் வரம்புக்குள், இரண்டும் பச்சை. ஒரே வருடத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கியதைப் பார்க்கும் மருத்துவர், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடத் தொடங்குவார். பச்சை நிறத்தைப் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். வருடா வருடம் பொருளற்ற சிவப்புகளைப் பார்த்துப் பழகியவர், கிரியேட்டினின் உண்மையாகவே ஏறும் வருடத்தில், "எப்போதும் வருவதுதானே" என்று அறிக்கையை ஒதுக்கிவிடுகிறார். வேண்டாதவருக்குப் பயத்தையும் வேண்டியவருக்கு அலட்சியத்தையும் ஒரே தாளில் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு நோய்த்தடுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது முதல் தடவையாக இருந்தால் அறியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். இந்தத் தொழிலை நடத்துகிறவர்களின் பழைய கணக்கு அப்படி விடச்சொல்லவில்லை. காசநோயை ரத்தத்தின் எதிர்ப்பொருளை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்று ஆண்டுக்கணக்கில் ஒரு சோதனையை விற்றார்கள். இல்லாத காசநோயைக் காட்டியது, இருந்த காசநோயைத் தவறவிட்டது. 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சொன்னது. அந்த அறிவிப்பு வந்த பிறகாவது இவர்களே விற்பனையை நிறுத்தியிருக்க வேண்டும். 2012 ஜூனில் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. ஏழைக் கூலித் தொழிலாளி கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது.

2021-ல் கரோனாவின் இரண்டாம் அலை அடித்தபோது, லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் டி-டைமர், ஐஎல்-6, சிஆர்பி என்று தொகுப்பு கட்டி விற்றார்கள். அப்போதும் எண்தான் வந்தது, விளக்கம் வரவில்லை. அந்த எண்களைப் பார்த்துப் பதறி எத்தனை பேர் ஸ்டீராய்டை வேண்டாத நேரத்தில் தொடங்கினார்கள் என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை.

விட்டமின் டி விவகாரம் இன்னும் முடியவில்லை. ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராம் பெரும்பாலோருக்குப் போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-ல் சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. இங்குள்ள லேப்கள் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஊரே குறைபாடு உள்ளதாகிவிட்டது. 2024-ல் அந்தச் சங்கமே தன் 30 என்ற கோட்டைக் கைவிட்டு, நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக விட்டமின் டி சோதிக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். 30-க்குக் கீழே இன்னும் சிவப்புதான். தொகுப்பில் விட்டமின் டி இன்னும் முன்வரிசையில்தான். புற்றுநோய் வந்தவருக்குச் சிகிச்சை பலனளிக்கிறதா என்று பார்க்கப் பயன்படும் சிஇஏ, சிஏ-125 போன்றவற்றை எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் தொகுப்பில் சேர்த்து, "புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு" என்று விளம்பரம் செய்கிறார்கள். சிவப்பு வந்தால் அதற்கும் மேலே ஒரு சோதனை, அதற்குத் தள்ளுபடி. நோயாளியை அனுப்பி வைக்கும் மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. அந்தக் கமிஷனைக் கவரில் போட்டுக் கொடுத்துப் பழகிய தொழில்தான் இன்று மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது.

அறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த முடிவுகள் மருத்துவரின் பயன்பாட்டுக்கு மட்டுமே, இது நோய் நிர்ணயம் அல்ல. அந்த வரியை அச்சிடுகிறவர்களே, அந்தத் தாளை மருத்துவர் அல்லாத ஒருவரின் கைப்பேசிக்கு, இரவு பதினொரு மணிக்கு, சிவப்பு வண்ணம் தீட்டி அனுப்புகிறார்கள். விளக்கம் இல்லாமல் இது யாருக்கும் பயன்படாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வழக்கு வந்தால் தப்பிக்க அந்த வரி. காசு பார்க்க அந்தச் சிவப்பு. தெரிந்தே செய்வதற்குத் தவறு என்ற பெயர் போதாது. இது மக்களுக்குச் செய்யும் துரோகம்.

அரசும் வேடிக்கை பார்த்தது போதும். தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் இயற்றியது. அதற்கு விதிகள் வர 2018 வரை ஆயிற்று. இன்னொரு இருபது வருடத்தை இதற்கும் கொடுக்க முடியாது. முடிவை அனுப்புகிறவர்களே அதன் பொருளைச் சொல்லும் பொறுப்பையும் ஏற்கும்படி ஏதேனும் ஓர் ஏற்பாடு விரைவில் வந்தாக வேண்டும். அது விதியாக வருமோ, உரிம நிபந்தனையாக வருமோ, சுகாதாரத் துறை முடிவெடுக்கட்டும். மருத்துவர் சங்கங்களும் வாய் திறக்க வேண்டும்.

அதுவரை, சிவப்பு அறிக்கையோடு உட்கார்ந்திருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு எண்ணை நம்பி நீங்களாக எந்த மாத்திரையையும் தொடங்காதீர்கள், நிறுத்தாதீர்கள். ஒரு எண் வரம்பை வெகுதூரம் தாண்டியிருந்தால், அல்லது உடம்பில் வேறு தொந்தரவும் இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள் பழைய அறிக்கைகளையும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, உங்களைத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். தெரிந்த மருத்துவர் இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.