ஒருவழிப் பாதை போடும் முன் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்

போக்குவரத்து மாற்றம் பற்றிய அறிவிப்பு வரும்போதெல்லாம் அதில் ஓர் எண்ணைத் தேடுகிறேன். எந்தத் தெரு எத்தனை மணி வரை ஒருவழி, பேருந்து எங்கே திரும்பும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் இருக்கும். நான் தேடுவது இருக்காது. இந்த மாற்றத்துக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, ஒன்றோடொன்று ஒரு தெருவைக்கூடப் பகிராத வழிகள் எத்தனை மிஞ்சும்? திரும்பி வர எத்தனை?

மதுரையில் ஒரு கல்லூரியில் கோட்டுருவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் கிராஃப் தியரி என்பார்கள். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் தெருக்களைக் கோடுகளாகவும் வரைந்தால் ஊரே ஒரு கோட்டுரு. ஒருவழித் தெருவுக்கு அம்புக்குறி போட்டால் அது திசையுள்ள கோட்டுரு. இந்த எண்ணைக் கணக்கிடாமல் எந்தத் தெருவையும் ஒருவழி ஆக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். பழைய நகரமும் பெரியார் பேருந்து நிலையமும் வைகைக்குத் தெற்கே. அரசு இராசாசி மருத்துவமனை வடகரையில். மாசி வீதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை ஏற்றும் ஆம்புலன்ஸ் ஆற்றைக் கடந்தே ஆக வேண்டும். 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் இருக்கிறது, யானைக்கல் தரைப்பாலம் இருக்கிறது, கிழக்கே குருவிக்காரன் சாலைப் பாலம் இருக்கிறது. ஆனால் வைகை பெருகினால் தரைப்பாலம் முழுகும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஏ.வி. பாலத்தைச் சுற்றிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். படத்தில் எத்தனை பாலம் இருக்கிறது என்பதைவிட, அன்றைய தேதியில் எத்தனை வழி திறந்திருக்கிறது என்பதே நோயாளிக்கு முக்கியம்.

ஆஸ்திரியக் கணிதவியலர் கார்ல் மெங்கர் 1927-இல் நிறுவிய தேற்றம் இங்கே துணைக்கு வருகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தெருவைப் பகிராத வழிகள் அதிகபட்சம் எத்தனையோ, அத்தனை தெருக்களை மூடினால்தான் அந்த இரண்டு இடங்களையும் துண்டிக்க முடியும். இது அம்புக்குறி போட்ட படத்துக்கும் பொருந்தும். ஆகவே அந்த எண் ஒன்று என்றால், ஏதோ ஒரு தெருவில் ஒரு லாரி கவிழ்ந்தாலே ஆஸ்பத்திரி எட்டாமல் போகும் என்று அர்த்தம். எந்தத் தெரு அது என்பதையும் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவி மிகக் குறுகிய வழியைச் சிவப்புச் சாக்பீஸால் இழுத்தாள். அந்தத் தெருக்களைத் தொடாமல் இன்னொரு வழி தேடினாள், அகப்படவில்லை. "ஒண்ணுதான் மேம்" என்றாள். சிவப்பு வழி பாதியில் ஒரு குறுக்குத் தெருவில் புகுந்து போயிருந்தது. கணக்குக்காக மட்டும் அந்தக் குறுக்குத் தெருவில் எதிர்த்திசையில் போகலாம் என்று வைத்துக்கொண்டு தேடச் சொன்னேன். இரண்டாவது வழி கிடைத்தது. முதல் வழி இந்தப் பக்கமும் இரண்டாவது அந்தப் பக்கமும் கடந்த குறுக்குத் தெரு கழிந்துபோக, மிச்சத் துண்டுகள் இரண்டு தனித்தனி வழிகளாகச் சேர்ந்தன. அவற்றில் ஒரு வண்டியும் எதிர்த்திசையில் ஓட வேண்டியதில்லை. ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956-இல் வெளியிட்ட முறை இது. குறுகிய வழியை முதலில் பிடித்துவைத்துவிட்டு மாற்று வழி இல்லை என்று கைவிரிப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை அன்று கரும்பலகையில் எல்லாரும் பார்த்தோம்.

ஒருவழி ஆக்குவதன் விலை என்ன என்பதற்கும் விடை இருக்கிறது. எந்த ஒரு தெருவை மூடினாலும் துண்டாகாத ஊர் என்றால், அதன் எல்லாத் தெருக்களையும் ஒருவழியாக்கிய பிறகும் எல்லாரும் எல்லா இடத்துக்கும் போய்வரும்படி திசை அமைக்க முடியும் என்று ஹெர்பர்ட் ராபின்ஸ் 1939-இல் நிறுவினார். ஒரே தெருவால் துண்டாகும் ஊரில் அது யாராலும் முடியாது. ஆனால் போய்ச்சேர முடிவது வேறு, ஒரு தெரு அடைபட்ட பிறகும் போய்ச்சேர முடிவது வேறு. இரண்டாவதற்கு, எந்த மூன்று தெருக்களை மூடினாலும் துண்டாகாத ஊர் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் அது நிச்சயம் முடியும் என்பது 1960-இல் நேஷ்-வில்லியம்ஸ் தந்த முடிவு. ஏன் அவ்வளவு என்பது ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு உடனே புரியும். பாலங்கள் எல்லாம் ஒருவழி என்றால், ஒன்று அடைபட்டாலும் மிஞ்ச, போக இரண்டு வேண்டும், வர இரண்டு வேண்டும். ஆக நான்கு.

தெருக்களை எண்ணினால் மட்டும் போதாது. இரண்டு பாலங்கள் வழியாகப் பிரிந்து போகும் இரண்டு வழிகளும் கோரிப்பாளையம் சந்திப்பில் வந்து கூடினால், அந்தச் சந்திப்பில் நெரிசல் கட்டும்போது இரண்டும் ஒன்றாகவே நிற்கும். ஆகவே சந்திப்புகளையும் பகிராத வழிகளைத் தனியே எண்ண வேண்டும். ஒரே வெள்ளத்தில் சேர்ந்து முழுகும் இரண்டு தரைப்பாலங்களை இரண்டு என்று எண்ணுவதும் தவறு.

ஒருவழிப் பாதை நெரிசலைக் குறைக்கிறது, எதிரெதிர் மோதல்களைத் தவிர்க்கிறது. போக்குவரத்துக் காவலர்கள் வெயிலில் நின்று படும் பாட்டை நானும் பார்க்கிறேன். அவர்களிடம் ஒருவழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊரின் சாலைப் படத்தில் இந்தக் கணக்கைப் போட ஒரு சாதாரண கணினியே போதும். மாவட்டந்தோறும் கணிதத் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஆசையாகச் செய்துதருவார்கள்.

ஒவ்வொரு ஒருவழி அறிவிப்பிலும் மூன்று வரி சேருங்கள். அரசு மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகவும் அங்கிருந்து வரவும் தெருவைப் பகிராத வழிகள் எத்தனை, சந்திப்பைப் பகிராத வழிகள் எத்தனை, எண் ஒன்றாகச் சுருங்கினால் அந்த ஒற்றைத் தெரு எது. சுருங்கினால், ஆம்புலன்ஸ் மட்டும் எதிர்த்திசையில் போக இன்னொரு தெருவைத் திறந்துவிட்டு, அங்கே ஒரு காவலரை நிறுத்துங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த ஒருவழியைப் போடாதீர்கள். அடுத்த சித்திரைத் திருவிழா அறிவிப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம்.