யாருடைய தாத்தா?

செத்தவர்களுக்கு வாய் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் உலகத்து வம்சாவளிகளில் பாதி எழுதப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு ஜோன்ஸின் தலையில்தான் விழும். ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் கூடுவதில் உலக சாதனை செய்கிறோம் என்று, 2006ஆம் ஆண்டில் தலைநகரான கார்டிஃபில் 1,200க்கும் மேற்பட்ட ஜோன்ஸ்கள் ஒரே அரங்கில் கூடினார்கள். கூடட்டும், நல்ல வேடிக்கைதான். ஆனால் அத்தனை பேரும் ஒரே கொடியில் காய்த்தவர்கள் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பொறுப்பதில்லை.

வேல்ஸ்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத் தகப்பன் பெயரையே அடையாளமாகக் கொண்டிருந்தவர்கள். 'அப்' என்றால் மகன். ரீஸின் மகன் 'அப் ரீஸ்'. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். இங்கிலாந்தின் சட்டமும் கோர்ட்டும் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, நிலையான குடும்பப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனான். எவனெவன் தகப்பன் ஜானோ அவனவன் ஜோன்ஸ் ஆனான். பழைய வேல்ஷ் அரிச்சுவடியில் 'ஜே' என்ற எழுத்தே கிடையாது என்பது இதில் பெரிய வேடிக்கை! ஆக, ஜோன்ஸ் என்பது வம்சத்தின் பெயரல்ல. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத எத்தனையோ ஜான்களின் பிள்ளைகளுக்குப் பொதுவாக மாட்டிய சீட்டு.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் வியாபாரம் நடக்கிறது. 'ஜோன்ஸ் குலச் சின்னம்' என்று சிங்கமும் கேடயமும் போட்டுக் காப்பிக் கோப்பை விற்கிறார்கள். குலச் சின்னம் என்பது குறிப்பிட்ட ஓர் ஆளுக்கும் அவன் நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, குடும்பப் பெயருக்கென்று சின்னம் எதுவும் கிடையாது என்று, 1484 முதல் லண்டனில் இருந்துவரும் ராஜாங்கச் சின்ன அலுவலகமே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்?

உண்மை வேண்டுமென்றால் போகவேண்டிய இடம் வேறு. 1538இல் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க உத்தரவு போட்டார். வம்சம் தேடுகிறவர்கள் முதல் இரண்டையும் ஆசையோடு புரட்டுவார்கள். மூன்றாவதன் பக்கம் வர மாட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். அடக்கப் பதிவேடு தாத்தாவைக் கொடுப்பதைவிடப் பறிப்பதுதான் அதிகம்.

'ஜான், ஜான் ஜோன்ஸின் மகன்' என்று ஞானஸ்நானப் பதிவில் கண்டதும் துள்ளுகிறார்களே, அதே சர்ச்சின் அடக்கப் பதிவைப் பார்த்தால், அந்த ஜான் கைக்குழந்தையாகவே மண்ணுக்குப் போயிருக்கக்கூடும். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சகஜம். இதைப் பார்க்காதவன், பால்குடி மறக்காத சிசுவுக்குக் கல்யாணம் செய்துவைத்துப் பேரனாகவும் பிறந்துவிடுகிறான்!

1813 முதல் வந்த அச்சடித்த படிவத்தில்கூடப் பெயர், இருப்பிடம், தேதி, வயது, பாதிரியார் கையெழுத்து, இவ்வளவுதான். தகப்பன் பெயருக்குக் கட்டமே கிடையாது. ஒரே ஊரில் நாலு ஜான் ஜோன்ஸ் இருந்தால், அந்த இருப்பிடக் கட்டத்தில் உள்ள பண்ணையின் பெயர்தான் பிடி. அதுவும் வயதும் உயிலும் கல்லறைக் கல்லும் ஒத்துப்போனால் தாத்தா. போகாவிட்டால் யாரோ ஒரு ஜோன்ஸ்.

"பாவம், ஓர் ஆசை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நஷ்டப்படுகிறவன் ஒருவன் இருக்கிறான். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு அடக்கப் பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அதற்காகச் சில பாதிரிமார்கள் பெயரின் பக்கத்தில், ஏழை என்று குறிக்க 'பி' என்று ஓர் எழுத்துப் போட்டார்கள். அந்த 'பி' போட்ட ஜோன்ஸ்தான் உங்கள் சொந்தத் தாத்தாவாக இருக்கலாம். பக்கத்து ஊர்ப் பண்ணைக்கார ஜோன்ஸை நீங்கள் சுவரில் மாட்டும்போது, பெற்று வளர்த்து உங்கள் வரைக்கும் ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்த ஏழையை இரண்டாவது முறையாகப் புதைக்கிறீர்கள். முதல் முறையாவது ஒரு பாதிரியார் பெயரை எழுதி வைத்தார்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். கதாநாயகனுக்கு இஷ்டப்பட்ட தாத்தாவைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் அதைக் கதை என்று சொல்லித்தான் விற்கிறேன். இவர்கள் வம்சாவளி என்று சொல்லி விற்கிறார்கள். யாரோ ஒரு பிரபுவைத் தாத்தா என்று அழைப்பதைவிட, 'இதற்கு மேல் தெரியவில்லை' என்று ஒரு கோடு போட்டு நிறுத்துகிறவனே குடும்பத்துக்கு உண்மையான கௌரவம் செய்கிறவன்.