கண்ணாடியும் களத்துக் கருவியே

நவரை நெல் அறுவடையாகும் கோடையில் களமெங்கும் தூசியும் சுணையும் பறக்கும். அறுவடை இயந்திரம் வந்த பின்னும் தூற்றுவதும் உலர்த்துவதும் ஓயவில்லை. ஆயினும் தூற்றுபவரின் கண்ணைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு.

உமியோ சுணையோ பட்டுக் கருவிழி கீறினால், அவ்வழியே பூஞ்சாணம் புகுந்து புண்ணாக்கும். மதுரையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரைப் பற்றி 1997-இல் வெளியான ஆய்வில், கிருமி கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சாணமே காரணம். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு பார்வையை மறைக்கலாம்.

தூசி விழுந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. சுத்தமான நீரால் கழுவ வேண்டும். நாக்கால் தூசி எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடுவது ஆகியவற்றைக் கைவிட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்தே. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சாணம் பெருகும். உறுத்தலும் சிவப்பும் நிற்காவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்வது நலம்.

பக்கவாட்டிலும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடியின் விலை ஒரு நாள் கூலிக்கும் குறைவு. முறமும் கோணியும் வாங்கும் களத்துச் சொந்தக்காரர், ஆட்களுக்கு இதையும் வாங்கித் தர வேண்டும். இது தருமமன்று, கடமை.