அயன்மகரந்தமும் அயன்மொழியும்

பண்பாட்டுக் கலப்புப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உள. கலந்தாற் கெடும் என்பது ஒன்று. கலந்தாலன்றி வளராது என்பது மற்றொன்று. இரு சாராரும் தாவரவியலைச் சான்றுக்கு அழைப்பர். ஆயின் அச்சான்று யாது கூறுகின்றது என நின்று கேட்போர் மிகச் சிலரே.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். நெற்பூ தன்மகரந்தச் சேர்க்கையுடையது. முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அயன்மகரந்தம் ஏற்பது மிக அரிது. எனவே, இரு நெல்லினங்களைக் கலக்க விரும்பும் ஆராய்ச்சியாளன், பூ விரியுமுன்னரே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு கேசரங்களையும் அகற்றி, கதிரைக் கடதாசி உறையால் மூடி, மறுநாள் வேற்றினத்தின் மகரந்தத்தைத் தூவுகின்றான். இவ்வண்ணம் நம் நாட்டு முருங்கக்காயன் 302 உம் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லும் பத்தலகொடையிற் கலந்ததன் பயனே, 1958 இல் வெளிவந்த எச்-4. கலப்பிற் பிறந்ததை அப்படியே உழவன் கையிற் கொடுத்துவிடவில்லை. பல தலைமுறை விதைத்து, பெரும்பாலானவற்றைக் கழித்தே ஒன்றைக் கொண்டனர். கலப்பு எல்லாம் நன்று என்பார் இந்தக் கழிவை மறந்துவிடுகின்றனர்.

வேறொன்றும் உண்டு. எச்-4 உம் பின்வந்த இனங்களும் பரவப் பரவப் பழைய நெற்கள் பல வயலைவிட்டு நீங்கின. தாயினங்கள் மறைந்துவிட்டால் அடுத்த கலப்புக்கு எதனை நாடுவது? தூய்மை பேசுவோரின் அச்சத்திலும் ஓர் உண்மை இருக்கின்றது என்பதை நாம் ஒப்பத்தான் வேண்டும்.

இனி அரங்குக்கு வருவோம். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே 1956 ஆம் ஆண்டிலேதான் சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பில் மேடையேறிற்று. சிங்கள அரங்கின் திருப்புமுனையெனப் போற்றப்படும் அந்நாடகம் எழுந்தது நாடகம எனும் வடிவத்தின்மீது. அவ்வடிவமோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது! ஜாதகக் கதை, நாடகமவின் இசை, யப்பானிய அரங்கில் அவர் கண்டவை ஆகிய மூன்றும் அங்கே கூடின. விடியுமட்டும் நீளும் ஆட்டத்தை அவர் சுருக்கினார், வேண்டாதவற்றைக் கழித்தார்.

பேராதனையில் அவருடன் பணியாற்றிய சு. வித்தியானந்தன் இதனைக் கண்டு, மட்டக்களப்புக் கூத்தின்பாற் சென்றார். ‘கர்ணன் போர்’ 1962 இல் வந்தது, பின்னர் ‘இராவணேசன்’. தமிழிலிருந்து சென்ற மகரந்தம் சிங்களத்திற் காய்த்து, அக்காய் கண்ட ஊக்கம் மீண்டும் தமிழுக்கு வந்தது. கூத்து இதனாற் சிங்களமாகிவிடவில்லை. தன் தாளக்கட்டை முன்னிலும் உறுதியாகப் பற்றிக்கொண்டது. சட்டத்தால் ஒரு மொழியை இன்னொன்றின்மேற் சுமத்துவது இதற்கு நேர்மாறு. அதனையும் கலப்பு என்போர் பூவையும் பாரத்தையும் ஒன்றாக எண்ணுகின்றனர்.

அன்று இவ்விருவரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். இன்று நம் பாடசாலைகள் பெரும்பாலும் மொழிவழி பிரிந்தே நடக்கின்றன. இரண்டாம் மொழிப் பாடம் இருக்கின்றது, உண்மை. ஆயின் அது கந்தோரில் விண்ணப்பம் நிரப்பும் அளவோடு பெரிதும் நின்றுவிடுகின்றது. நாடகமும் அரங்கியலும் பயிலும் தமிழ் மாணவர் ‘மனமே’யை முழுமையாகத் தமிழிற் படிக்கவும், சிங்கள மாணவர் ‘இராவணேசனை’ச் சிங்களத்திற் படிக்கவும் வகைசெய்யப் பாடத்திட்டக் குழுவினர் முன்வருவரா? நெற்பூவைப் போலவே இங்கும் காற்றை நம்பியிருத்தல் பயனில்லை. யாரேனும் ஒருவர் கையிற் கத்தரியோடு விடியற்காலையில் வயலுக்குச் செல்லவேண்டியிருக்கின்றது.