கைநாட்டா காவல்?

பிள்ளைகளைக் காக்கச் சட்டம் செய்துவிட்டோம் என்கிறது டில்லி. 2023 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எவருடைய விவரத்தையும், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இன்றி எந்த நிறுவனமும் கையாளக் கூடாது என்று தன் 9ஆம் பிரிவில் உரைக்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் ஆயத்தமாவதற்கு 18 மாத அவகாசமும் வழங்கப்பட்டது. மகனோ மகளோ ஒரு செயலியில் கணக்குத் தொடங்க வேண்டுமானால், அப்பாவோ அம்மாவோ 'சரி' சொல்ல வேண்டும் என்பது இதன் பொருள்.

கேட்க இனிக்கிறது! பெற்றவளுக்கு இல்லாத அதிகாரம் பிறர் எவர்க்குண்டு? நள்ளிரவு தாண்டியும் கண்ணாடித் திரையிலே கண்ணை நட்டுக் கிடக்கும் பிள்ளையைக் கண்டு கலங்காத தாய் உண்டா? அந்தக் கலக்கத்தை நாம் அறிவோம். அறிந்ததால்தான் கேட்கிறோம்: இந்தச் சட்டம் தாயின் கையிலே தருவது சாவியா, அல்லது கைநாட்டு வைக்கும் மையா?

சட்டத்திலே நல்லதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கக் கூடாது, அவர்களுடைய போக்கைக் கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பர வலை வீசக் கூடாது என்று அதே 9ஆம் பிரிவு தடுக்கிறது. பெற்றோர் ஒப்பினாலும் கூடாது என்பதே அந்தத் தடையின் சிறப்பு. வாயார வரவேற்கிறோம்! ஏனெனில் அந்த வாசகம் வணிகனை நோக்கி விரல் நீட்டுகிறது. ஒப்புதல் வாசகமோ, தாயை நோக்கி நீட்டுகிறது. முன்னது வேலி. பின்னது என்ன?

நம் நாட்டுப்புறங்களுக்குப் புரோநோட்டுப் புதிதல்ல. எழுதியவர் கடன் கொடுத்தவர். படிக்கத் தெரிந்தவரும் அவரே. கடன்பட்டவன் செய்ததெல்லாம் பெருவிரலை மையிலே தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்தியதுதான். வழக்கு வந்தபோது ரேகை பேசிற்று. அவன் வாய் பேசவில்லை. "ஒப்பித்தானே வைத்தாய்?" என்ற ஒரு கேள்வியிலே நிலம் போயிற்று, மாடு போயிற்று, மானமும் போயிற்று! இன்று தாள் திரையாகியிருக்கிறது, மை தொடுதலாகியிருக்கிறது. எழுதுபவன் அவனே, படிப்பவனும் அவனே, ஒப்புபவள் மட்டும் நம் தாய்!

ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் 8ஆவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ காண வழி வேண்டும் என்கிறது சட்டம். தமிழுக்கு அங்கே இடமுண்டு; மகிழ்ச்சி. ஆனால் 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேருக்குத்தான் எழுத்தறிவு. எஞ்சிய தாய்மார்களுக்கு அந்தத் திரை எந்த மொழியில் இருந்தால் என்ன? எழுத்தறிந்தவர்களையும் விடுங்கள், இந்த நிறுவனங்கள் எழுதும் நிபந்தனைகளை முழுக்கப் படிக்க முனைந்தால் வக்கீலுக்கே வியர்க்கும்! தாய்க்கு அறிவு குறைவு என்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். பிள்ளையின் பொய்யை முகத்தைப் பார்த்தே அளப்பவள் அவள். அவளால் படிக்க முடியாதபடி எழுதிய தாளை அவளிடம் நீட்டாதே என்கிறோம்.

அந்தத் தாயின் கைப்பேசியை இயக்கித் தருபவன் யார்? அந்தப் பிள்ளைதான்! ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொல்பவன் யார்? அவனேதான்! அனுமதி கேட்பவனே அனுமதி தருபவனாகவும் இருக்கும் வேடிக்கை இது.

விதிகளைப் புரட்டினால் இன்னொரு வேடிக்கை. அங்கே தரப்பட்ட எடுத்துக்காட்டுகள், 'நான் குழந்தை' என்று குழந்தையே சொல்வதிலோ, 'நான் பெற்றவர்' என்று ஒருவர் முன்வருவதிலோதான் தொடங்குகின்றன. சொல்லாத பிள்ளை? அதுபற்றிப் பேச்சில்லை! பெற்றவர் என்று வருபவர் வயது வந்தவர்தானா, அடையாளம் காணத்தக்கவரா என்று பார்க்கச் சொல்கிறார்கள். மெய்யாகவே பெற்றவர்தானா என்று பார்க்கச் சொல்லவில்லை. பூட்டு உண்டு, கதவு உண்டு, சுவர்தான் இல்லை!

சட்டத்தை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் என்று மார்தட்டுகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகும்? காயம்பட்ட பிள்ளைக்கா? இல்லை, இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு! காசு கஜானாவுக்கு, கண்ணீர் குடும்பத்துக்கு! அம்மட்டோ! பொய்யான, அற்பமான புகார் என்று கருதப்பட்டால், புகார் கொடுத்தவர்மீது 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய், உலகளாவிய ஒரு நிறுவனத்தின்மீது புகார் எழுத எத்தனை முறை அஞ்சுவாள்?

பிற நாடுகள் கற்ற பாடத்தைப் பாருங்கள். 13 வயதுக்குட்பட்டவர்க்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று அமெரிக்கா 1998இலேயே சட்டம் செய்தது. பிள்ளைகள் கற்றது என்ன? பிறந்த ஆண்டை மாற்றி எழுதுவதற்கு! அந்தச் சட்டத்தின் பல் பதிந்தது, 2019இல் யூடியூப் தளத்துக்காகக் கூகுள் 17 கோடி டாலர் கட்ட நேர்ந்தபோதுதான். 2025இல் டெக்சாஸ் மாநிலம், ஒவ்வொரு செயலியை இறக்குவதற்கும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றது. நிறுவனங்களின் சங்கமும் மாணவர்களும் வழக்காட, அவ்வாண்டு டிசம்பரிலேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவோ, 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைப்பதைத் தடுக்கும் பொறுப்பை 2025 டிசம்பர் 10 முதல் நிறுவனங்களின் தலையிலேயே சுமத்தியது. தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டம். பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தண்டமில்லை. கதவையே அடைத்துவிடும் அந்த முறை முழுவதையும் நாம் ஏற்கவில்லை. ஆனால், சுமை யார் தோளில் ஏறவேண்டும் என்பதை அவர்கள் சரியாகக் கண்டார்கள்.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். எல்லாப் பிள்ளைக்கும் வீடு ஒன்றுபோல் இல்லை. 17 வயதுப் பெண் கல்லூரியில் அடியெடுத்து வைக்கிறாள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக. அண்ணனுக்குக் கைப்பேசி, அவளுக்குக் கண்டிப்பு! படிப்பு வேண்டாம், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று சொல்லும் தகப்பனிடம்தான் அவள் ஒப்புதல் கேட்க வேண்டுமா? குழந்தைகள் நலனுக்காகச் சட்டப்படி ஆற்றும் கடமைகளுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள், நன்று. ஆனால் அவள் நூல் தேடும் செயலிக்கு? உதவித்தொகைச் செய்தி பேசும் குழுவுக்கு? தன் மனத்துயரைச் சொல்லி ஆலோசனை கேட்கும் இடத்துக்கு? 14 வயது நிறைந்தவர் ஆபத்தில்லாத தொழிலில் உழைக்கலாம் என்று இதே நாட்டின் சட்டம் சொல்கிறது. கடையிலே நின்று கால்கடுக்க உழைக்க வயது போதுமாம்; கணக்குத் தொடங்கிக் கற்க வயது போதாதாம்! இதுவா நீதி?

அப்படியானால், பிள்ளைகளை நிறுவனங்களின் வலையிலே விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை! வலையை அறுக்கச் சொல்கிறோம். வலை வீசுகிறவனை விட்டுவிட்டு, மீனின் தாயிடம் ஒப்பம் வாங்காதே என்கிறோம்.

நாம் வேண்டுவன நான்கு. ஒன்று, பிள்ளையின் கணக்கு பிறக்கும்போதே பாதுகாப்போடு பிறக்க வேண்டும். முடிவில்லாமல் ஓடும் படச்சுருளும், நள்ளிரவு அழைப்பு மணியும், முன்பின் அறியாதார் அனுப்பும் செய்தியும் தாமாகவே அடைபட்டிருக்க வேண்டும். இரண்டு, ஒப்புதல் வாசகம் ஒரு பக்கத்தை மீறாமல், பேசும் தமிழில், ஒலியாகவும் கேட்க வேண்டும். மூன்று, பாதுகாப்பை மெய்ப்பித்த நிறுவனங்களுக்கு வயது வரம்பைக் குறைக்கச் சர்க்காருக்குச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது; கல்விக்கும் நூலுக்கும் ஆலோசனைக்கும் அதை முதலில் பயன்படுத்த வேண்டும். நான்கு, தண்டப் பணத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சேரச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தாய் 'சரி' என்றதனால் எந்த நிறுவனமும் தன் கடமையிலிருந்து விடுபட்டதாகக் கொள்ளக் கூடாது. பிள்ளைக்குக் கேடு நேர்ந்த நாளிலே, "உன் ஒப்பம் இதோ" என்று அவளிடமே தாளை நீட்டும் கொடுமைக்குச் சட்டம் துணைபோகக் கூடாது. கைநாட்டைக் காட்டிக் காணி பறித்த காலம் போகட்டும். கைநாட்டைக் காட்டிப் பிள்ளைகளைப் பறிக்கும் காலம் வரவேண்டாம்!