புழு புகுமுன் அட்டை கட்டுங்கள்



டிரைக்கோகிரம்மா என்ற பொடிக்குளவி உள்ள அட்டை கட்டியும் தக்காளியில் காய்ப்புழு குறையவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பொடிக்குளவி, காய்ப்புழுவின் தாயான அந்துப்பூச்சியின் முட்டைக்குள்தான் தன் முட்டையை இடும். புழு காய்க்குள் புகுந்த பிறகு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பூவெடுக்கும்போதே, இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கியதும், வெயில் தாழ இலையின் அடியில் கட்டிவிட வேண்டும். அட்டையில் ஒட்டுண்ணி ஏறிய முட்டைகள் கறுத்திருக்கும், வாங்கும்போதே பாருங்கள். கட்டிய கையோடு மருந்தடித்தால் குளவிகள் அத்தனையும் செத்துப்போகும்.

2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்த வேறொரு குளவிதான் நம் பப்பாளி, மரவள்ளியை மாவுப்பூச்சியிலிருந்து மீட்டது. ஆனால் இன்று அட்டை கேட்டால், 'அடுத்த வாரம் வாங்க' என்கிறார்கள். அதற்குள் அந்துப்பூச்சியின் முட்டை பொரிந்துவிடுகிறது. நடவின்போதே பதிவு செய்துகொண்டு, பூக்கும் வாரத்தில் அட்டை கைக்குக் கிடைக்க வேளாண்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்