கடலட்டையின் பெயரும் கரையோரின் மொழியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கடல்வாழ் உயிர்களைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் ஓர் உயிருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘கடல் வெள்ளரி’ என்று எழுதினேன். பிரசுரம் அச்சாகிப் பள்ளிகளுக்குச் சென்றது. சில வாரங்கள் கழித்து, கடலோரப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. “தாங்கள் எழுதியுள்ள வெள்ளரியை எங்கள் ஊரார் எவரும் கண்டதில்லை. படத்தில் உள்ளது அட்டை என்று முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லுகிறது. தாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே” என்பது அதன் சாரம். பல தலைமுறைகளாகக் கரையில் வழங்கிவந்த பெயர் ஒன்றிருக்க, அகராதியின் துணையால் இல்லாத பெயர் ஒன்றைப் படைத்துவிட்டேன். அந்த அஞ்சலட்டை இன்றும் என் மேசையில் இருக்கிறது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

நம் கடல்களில் காணப்படும் உயிர்களுக்கு விஞ்ஞான முறைப்படி பெயரிடுவதும் அவற்றை விவரிப்பதும் யாருடைய வேலை? ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நிபுணர்களின் வேலை என்பதே பொதுவான எண்ணம். பெயரிடும் பொறுப்பு நிபுணர்க்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் விவரிக்கும் வேலை கரையிலேயே தொடங்குகிறது. முடிவில் அது கரைக்கே திரும்பவும் வேண்டும் என்பது என் கருத்து. கடலட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்க முயல்கிறேன்.

அட்டை என்று பெயர் பெற்றிருப்பினும், இது குருதி உறிஞ்சும் அட்டையின் உறவினம் அன்று. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கிய முட்தோலிகள் என்னும் பெருந்தொகுதியைச் சேர்ந்தது. உலகக் கடல்களில் சுமார் 1,700 சிற்றினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல, கடற்படுகையின் மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள உயிர்ச்சத்தை உண்டு, எஞ்சியதை வெளிவிடுகின்றன. மண்புழு நிலத்துக்குச் செய்யும் பணியைப் போன்றதே இது.

இவ்வளவு சிற்றினங்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஓடு இல்லை, செதில் இல்லை, சிறகு இல்லை. நிறமோ, ஒரே சிற்றினத்துள் பலவாறாக மாறும். உருவமோ, தொட்டவுடன் சுருங்கும். அச்சுறுத்தினால் சில தம் குடலையே வெளியே தள்ளிவிடும். ஆதலின் அறிஞர்கள் தோலின் உள்ளே தேடுகின்றனர். கடலட்டையின் தோலில் கண்ணுக்குப் புலப்படாத சுண்ணாம்பு நுண்ணெலும்புகள் மிகுதியாகப் புதைந்துள்ளன. தோலின் சிறு துண்டைச் சலவைக்குப் பயன்படும் குளோரின் கரைசலில் இட்டால் சதை கரைந்துபோகும். நுண்ணெலும்புகள் அடியில் தங்கும். அவற்றைத் தண்ணீரில் பன்முறை கழுவி மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், சில மேசை போன்றும், சில சட்டைப் பொத்தான் போன்றும், சில கோல் போன்றும் தோன்றும். வேறு சில குடும்பங்களில் நங்கூரத்தையும் சக்கரத்தையும் ஒத்தவை உண்டு. முதுகுத் தோல், வயிற்றுத் தோல், குழாய்க் கால்கள், வாயைச் சூழ்ந்த உணர்கொம்புகள் என ஒவ்வோர் இடத்திலும் இவை எவ்வடிவில் உள்ளன என்பதைத் தனித்தனியே வரைந்து ஒப்பிட வேண்டும். தொண்டையைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்பு வளையத்தையும் உணர்கொம்புகளின் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும். இக்காலத்தில் டி.என்.ஏ. ஒப்பீடும் இவற்றுடன் சேர்ந்துள்ளது.

இங்கே களப்பணியாளர் உணரவேண்டிய செய்தி ஒன்றுண்டு. விஞ்ஞானி மைக்ராஸ்கோப்பில் தேடும் இந்நுண்ணெலும்புகளைக் கரையோர் முன்னமே அறிந்திருந்தனர். வெள்ளை அட்டையைப் பதனிடுவோர், அதனை வேகவைத்து மணலில் புதைத்து, பின்னர் எடுத்துத் தேய்ப்பது வழக்கம். அவ்வாறு தேய்த்து நீக்கிய வெண்ணிறச் சுண்ணாம்புப் படலம் இந்நுண்ணெலும்புகளின் தொகுதியே. அவர்களுக்கு அது நீக்கவேண்டிய மாசு. அறிஞர்க்கு அதுவே அடையாளச் சீட்டு. பொருள் ஒன்றே.

பெயர்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். 1833ஆம் ஆண்டில் யேகர் என்னும் அறிஞர் ஒரு கடலட்டைக்கு ஹோலோதூரியா ஸ்காப்ரா என்று பெயரிட்டார். ஸ்காப்ரா என்றால் சொரசொரப்பானது என்பது பொருள். அதனையே மன்னார் வளைகுடாவில் வெள்ளை அட்டை என்பர். அவர் தொட்டுப் பார்த்துப் பெயரிட்டார். இவர்கள் கண்ணால் பார்த்துப் பெயரிட்டனர். அதே ஆண்டில் அவர் ஹோலோதூரியா ஆட்ரா என்று மற்றொன்றுக்குப் பெயரிட்டார். ஆட்ரா என்றால் கரியது. நம்மவர்க்கு அது குச்சி அட்டை. 1886இல் தேயேல் என்பவர் முள் தாங்கியது என்னும் பொருளில் ஸ்பைனிஃபெரா என்றழைத்தது, இங்கே ராஜ அட்டை. போஹாட்ஷியா மார்மொராட்டா என்னும் பெயர் சலவைக்கல் போன்ற அதன் தோற்றத்தைச் சுட்டுகிறது. கரையோர் அதனை நூல் அட்டை என்றனர். சீண்டினால் ஒட்டும் தன்மையுள்ள வெண்ணூல்களை அது வெளியே வீசுவதால் வந்த பெயர் அது. சீசாவில் அடைத்த மாதிரியைப் பார்ப்பவர்க்கு இவ்வியல்பு ஒருபோதும் தெரியாது.

இதனால் நாட்டுப் பெயர் போதும், விஞ்ஞானப் பெயர் வேண்டா என்று நான் கூறுவதாக எண்ணிவிடலாகாது. நாட்டுப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயரில் இரண்டு மூன்று சிற்றினங்கள் மறைந்து நிற்பதும் உண்டு. அவ்வாறு மறைந்து நிற்பதால் விளையும் கேட்டை ஓர் உண்மை நிகழ்ச்சி காட்டுகிறது.

வெள்ளை அட்டையைப் போன்றதாயினும் அதனினும் பருத்ததும், நிறத்தில் பெரிதும் வேறுபடுவதுமான ஒன்று பசிபிக், இந்துமாக் கடல்களில் நெடுங்காலமாகப் பிடிக்கப்பட்டு வந்தது. வணிகர்கள் அதனைப் பொன்னிறத்தது என்று பிரித்து விலை வைத்தனர். நியூ கலிடோனியாவில் ஆராய்ந்த கோனாண்ட் அம்மையார் 1986ஆம் ஆண்டில் அதனை வெள்ளை அட்டையின் ஒரு வகையாகக் கொண்டு ‘வெர்சிகலர்’ என்று குறித்தார். ஆனால் 1960ஆம் ஆண்டுக்குப் பின் ‘வகை’ என்ற நிலையில் மட்டும் இடப்படும் பெயரை விலங்குப் பெயரீட்டு விதிகள் ஏற்பதில்லை. 2005இல் வெளியான மரபணு ஆராய்ச்சி, இவ்விரண்டும் சிற்சில இடங்களில் கலந்து ஈனினும் தனித்தனிச் சிற்றினங்களே என்று காட்டியது. 2009ஆம் ஆண்டில் மாசன், உதிக்கே, பர்செல், ரோ, சாமின் ஆகிய ஐவரும் முறைப்படி விவரித்து, பிரெஞ்சு இயற்கையியலார் லெசோனின் நினைவாக ஹோலோதூரியா லெஸ்ஸோனி என்னும் பெயரைச் சூட்டினர். வணிகருக்குத் தெரிந்த வேற்றுமை விஞ்ஞான ஏட்டில் முறையாக ஏற இத்தனை காலம் பிடித்தது. அதுவரை பல இடங்களில் இரண்டின் கணக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டது. எது எவ்வளவு குறைந்தது என்று பின்னர் எவரால் பிரித்துச் சொல்ல இயலும்? இன்று இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

நம் நாட்டிலும் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று. 1982ஆம் ஆண்டில் 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் கடலட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தடை வேண்டும் என்போரும் உளர்; சிலவற்றையேனும் அளவோடு பிடிக்க விடுங்கள் என்று கேட்கும் மீனவரும் உளர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் இருதரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: எந்தச் சிற்றினம், எந்த இடத்தில், எவ்வளவு உள்ளது என்பது தெரியாமல் எவ்வாதமும் நிற்காது. பெயர் பிழையானால் கணக்குப் பிழை. கணக்குப் பிழையானால் காப்பதும் பிழை, விடுவதும் பிழை.

ஆதலின் களப்பணியாளர்க்குச் சில சொற்கள். கடலட்டையைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் சட்டத் தடை உண்டு. உரிய அனுமதியின்றி மாதிரி எடுத்தல் கூடாது. ஆனால் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் தடையில்லை. உயிரோடு இருக்கும்போதே நிறம், நீளம், இருந்த ஆழம், மணலா பாறையா கடற்புல்லா, நேரம், நூல் வீசியதா, அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுத்துவிடுங்கள். ஆல்கஹாலில் இட்டபின் நிறம் பெரும்பாலும் மங்கிவிடும். பின்னர் எவராலும் அதை மீட்டெழுத முடியாது. அனுமதி பெற்று மாதிரி எடுக்கும்போது பார்மலினில் நெடுநாள் வைக்காதீர்கள். அதன் அமிலத் தன்மை சுண்ணாம்பைக் கரைத்துவிடும். நுண்ணெலும்பு கரைந்த கடலட்டை, முகவரி அழிந்த கடிதம் போன்றது. மெக்னீசியம் குளோரைடில் தளர்த்தி, 70 சதவீத ஆல்கஹாலில் சேமிப்பதே நன்று. மரபணு ஆராய்ச்சிக்கு ஒரு சிறு துண்டை 95 சதவீத ஆல்கஹாலில் தனியே வைக்க வேண்டும்.

வித்தியாசமாகத் தோன்றும் ஒன்றைக் கண்டவுடன் ‘புதிய சிற்றினம்’ என்று செய்தித்தாளுக்கு எழுதும் அவசரமும் வேண்டா. முன்னர் விவரிக்கப்பட்ட யாவற்றோடும் ஒப்பிட்டு, ஹோலோடைப் எனப்படும் மூலமாதிரியைக் குறித்து, அதனை நிலையான காப்பகத்தில் வைத்து, விவரத்தை வெளியிட்ட பின்னரே பெயர் நிலைபெறும். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டம், புதிதாகக் கண்டறியும் எவரும் அதற்கென நியமிக்கப்பட்ட காப்பகத்துக்கு அறிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கிறது. 1916இல் தொடங்கப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வகம் இத்தகைய மாதிரிகளைக் காத்துவருகிறது. புதியது என்று கருதியது பழையதாக முடிந்தாலும் இழுக்கில்லை. குறிப்புச் சரியாக இருந்தால் அதுவும் அறிவே.

இறுதியாக, என் தொழில் சார்ந்த விண்ணப்பம் ஒன்று. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பில் நம்மவர் பலர் கவனியாத பரிந்துரை ஒன்றுள்ளது. புதிய உயிரின் சிறப்படையாளக் குறிப்பை உலகில் பரவலாக வழங்கும் மொழிகளில் வெளியிடுவதோடு, அவ்வுயிர் வாழும் பகுதியில் வழங்கும் மொழிகளிலும் தருதல் நன்று என்பதே அது. கட்டாயமன்று, பரிந்துரைதான். பெயர் இலத்தீன் எழுத்துக்களில் இருக்க வேண்டும். ஆனால் குறிப்பைத் தமிழிலோ மலையாளத்திலோ வங்காளத்திலோ சேர்த்து அச்சிட எவ்விதத் தடையும் இல்லை. அந்தமான் கடலிலோ இலட்சத்தீவிலோ மன்னார் வளைகுடாவிலோ புதியதொன்று விவரிக்கப்படும்போது, பத்து வரியில் அக்கரையின் மொழியிலும் அதன் அடையாளம் எழுதப்பட வேண்டும். அக்கரையில் அதற்கு முன்பே பெயர் இருந்தால் அப்பெயரும் பதியப்பட வேண்டும்.

‘நம் மொழியில் அதற்குச் சொல் ஏது?’ என்று சிலர் கேட்கலாம். சொல் இல்லாத இடத்தில் ஆக்கிக்கொள்வோம். இருக்கும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். மேசை, பொத்தான், நங்கூரம், சக்கரம் என்று நுண்ணெலும்புகளைச் சொன்னபோது எந்த வாசகருக்கும் இடர்ப்பாடு இருந்திராது. அறிஞர்கள் தங்கள் மொழியில் பயன்படுத்துவனவும் இத்தகைய வீட்டுச் சொற்களே. கடினமாக இருப்பது மொழியன்று. கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமைதான்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே தொடங்கலாம். கடலோரப் பள்ளியின் பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியோரைக் கேட்டு, அவ்வூர்க் கடல் உயிர்களின் பெயர்களையும் அப்பெயர் வந்த காரணத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். எந்த உயிரையும் பிடிக்க வேண்டுவதில்லை. பின்னொரு நாள் நிபுணர் ஒருவர் புதியதொரு கடலட்டையை விவரிக்க அமரும்போது, அந்நோட்டுப் புத்தகத்தின் ஒரு வரி அவருக்கு உதவலாம். அவர் எழுதியதைத் தமிழாக்க என் போன்றோரில் ஒருவர் அமரும்போது, வெள்ளரி என்று எழுதாமல் இருக்கவாவது அது நிச்சயம் உதவும்.